சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகளும் அரசின் ஆதரவும்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சன்னபட்டணம். பெயரைக் கேட்டு நம் சென்னப்பட்டணம் என்று எண்ணிவிட வேண்டாம். கன்னட நண்பர்கள் இவ்வூரை ‘கொம்பெகள ஊரு’ என்பார்கள். நாம் பொம்மை என்பது அவர்களுக்கு கொம்பெ. பளபளக்கும் வண்ணக் குதிரை, பம்பரம், தலையாட்டி பொம்மை, கிலுகிலுப்பை என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் தவழும் மரச்சாமான்களில் பல இந்த ஊரில் கடையப்பட்டவை.

நான் தொழிலால் பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். ஜெயின் என்றதும் மார்வாடி என்று நினைத்து, சன்னபட்டணத்தில் இன்றும் என்னை ‘சேட்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்! சமண இல்லறநெறி நூல்கள் தவிர்க்கச் சொல்லும் 15 தொழில்களில் தந்த வணிகமும் அரக்கு வணிகமும் உண்டு. ஆகவே அரக்குப் பொம்மையை வாங்கி விற்றவன் அல்லன் நான். லாப நஷ்டம் எதுவும் இல்லாத காரணத்தால்தானோ என்னவோ, இத்தொழிலின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக விருப்பு வெறுப்பின்றிப் படித்து வர முடிந்தது. அரசாங்கம் ஒரு கைத்தொழிலுக்கு எதைத் தர வேண்டும், பயிற்சி மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இந்தச் சிற்றூரின் வரலாறு தெளிவான விடை சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மரமும் அரக்கும்

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்வோம். இதற்கான மரத்தைக் கன்னடத்தில் ‘ஹாலெ மர’ என்பர். அது வேறொன்றுமில்லை, நம் சித்த வைத்தியர்கள் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சும் வெட்பாலைதான். யானைத் தந்தம்போல் வெளிறிய நிறம், நெருக்கமான இழை, உளிக்கு இணங்கும் மென்மை ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. வெட்டிய மரத்தை இரண்டு மூன்று மாதம் நிழலில் உலர்த்தி, துண்டு போட்டு, கடைசல் பட்டறையில் ஏற்றுகிறார்கள். முன்பு வில் கட்டிக் கையால் இழுத்துச் சுழற்றினார்கள். இப்போது பெரும்பாலும் மின்சார லேத்.

உருவம் திரண்டதும் சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவிவிடும். தூரிகை கிடையாது, காய வைக்கும் வேலையும் கிடையாது. பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடிபோல மெருகு ஏறும். மரம் கர்நாடகத்துக் காடு, அரக்கு வடக்கே ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிக் காடு. ஆக, இரண்டு காடுகளை நம்பி ஓர் ஊர் பிழைக்கிறது. நம் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும், ஆந்திரத்து ஏடிகொப்பாக்க பொம்மைகளும் இதே அரக்குக் கடைசல் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஆதரித்தவர்கள்

திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இக்கலையைக் கற்பித்தார் என்பது ஊர் வழக்கு. 1800-இல் இப்பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இங்கே இசைக் கருவிகளுக்கான எஃகுத் தந்தி செய்யப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். கைவேலைக்குப் பெயர்பெற்ற ஊராக இது அன்றே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கடைசல் முறைகளை இங்கு கொணர்ந்து, தொழிலைப் புதுப்பித்தவர் பாவாஸ் மியான். சன்னபட்டணப் பொம்மையின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

சென்னையில் தடுத்தது, மைசூரில் நடந்தது

இந்த இடத்தில் நம் சென்னை மாகாணத்தின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலப் பொறியியல் பேராசிரியர், 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். பாத்திரக் கடைக்காரனான எனக்கு அவர் பெயர் அறிமுகமானது இந்த வகையில்தான். செய்து காட்டியதோடு அவர் நிற்கவில்லை, விற்றும் காட்டினார். 1903-இல் அந்தப் பிரிவு லாபகரமாகத் தனியார் கைக்கு மாறியது. பிறகு குரோம் முறையில் தோல் பதனிடுவதிலும் அதே வழியில் இறங்கினார்.

ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கமே கடை போட்டால் நாங்கள் எங்கே போவது என்று முறையிட்டார்கள். விஷயம் லண்டனுக்குப் போயிற்று. 1910-இல் இந்திய மந்திரி மார்லி பிரபு அனுப்பிய உத்தரவின் சாரம் இது: தொழிற்பள்ளி நடத்திப் புதிய முறைகளைக் கற்றுக் கொடுக்க அரசு பணம் செலவழிக்கலாம், அதற்கு மேல் வியாபாரத்தில் இறங்கக் கூடாது, மற்றதைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள்.

வாசகர்கள் இந்த உத்தரவைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். ‘சொல்லிக் கொடு, ஆனால் சந்தைக்கு வராதே’ என்ற கொள்கை அன்று எழுத்தில் ஏறியது. நூறாண்டு கடந்தும் நம் கைத்தொழில் திட்டங்கள் பலவற்றில் அதன் நிழல் படிந்திருக்கிறது.

சாட்டர்டன் 1912-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்துவிட்டார். நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி, விசுவேசுவரய்யா திவான். அங்கே வேறு காற்று வீசியது. 1911-இலேயே மைசூர்ப் பொருளாதார மாநாடு தொடங்கியிருந்தது. 1913-இல் தொழில் வணிகத் துறை ஏற்பட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குச் சந்தன மரம் அனுப்ப வழி அடைபட்டபோது, மைசூர் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1916-இல் தானே சந்தன எண்ணெய் வடித்தது, அடுத்துச் சோப்பும் போட்டது. மரம் தன்னுடையது, ஆலை தன்னுடையது, விற்பனையும் தன்னுடையது. மைசூர் சந்தன சோப்பு இன்றும் நம் குளியலறையில் இருப்பதற்கு இதுவே காரணம். தொழிற்பள்ளி மட்டும் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

சுதந்திரத்துக்குப் பின்

1952-இல் அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியம் அமைந்தது. அதன் தலைவராகப் பல ஆண்டுகள் உழைத்தவர், மங்களூரில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்தியாய். கைவினைஞன் காட்சிக்கு வைக்கப்படும் பழம்பொருள் அல்லன், வாங்குவோர் இருந்தால்தான் வாழ்வான் என்பதை உணர்ந்தவர். வடிவமைப்பு மையங்கள், விற்பனை நிலையங்கள், கைவினைஞர்களுக்குத் தேசிய விருது எல்லாம் அந்த வாரியக் காலத்தில் வந்தவை. 1964-இல் மாநில அரசின் கைவினைப்பொருள் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. பெங்களூர் எம்.ஜி. சாலையில் நாம் அறிந்த ‘காவேரி’ விற்பனை நிலையம் அக்கழகத்தினுடையது.

1990-களில் மாநில அரசின் ‘விஸ்வ’ திட்டமும் நெதர்லாந்து அரசின் உதவியும் சன்னபட்டணத்துக்கு வந்தன. அரக்குத் தொழில் வளாகம் ஒன்று எழுந்தது. அதில் 32 கடைசல் எந்திரங்கள். சொந்தமாக லேத் வாங்க வசதியில்லாதவரும் அங்கே போய் வேலை செய்யலாம். பயிற்சியும் கருவியும் ஒரே இடத்தில் கிடைத்தன. இதை நான் நல்ல ஏற்பாடு என்று சொல்வேன். கடைசல் என்பது கரும்பலகையில் எழுதிக் கற்கும் வித்தையா? உளி பிடித்துக் கை மரத்துப்போன பிறகுதான் வரும்.

வந்த புயல்

2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. சீனத்துப் பிளாஸ்டிக் பொம்மை தெருவோரத்தில் குவிந்தது. ஒரு மரப் பொம்மையின் விலைக்கு மூன்று நான்கு பிளாஸ்டிக் பொம்மை, அதுவும் பேட்டரி போட்டுப் பாட்டுப் பாடும்! தாய்மார்களைக் குறை சொல்லி என்ன பயன்? இன்னொரு பக்கம், அதே சாலையில் பிடதியில் 1999 முதல் டொயோட்டா கார் ஓடத் தொடங்கியது. மாதச் சம்பளம், சீருடை, பஸ் வசதி. பட்டறையில் தந்தைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய பிள்ளைகள் ஆலைப் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நாட்களில் ஒரு பட்டறைக்காரர் அரைகுறைத் தமிழில் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “டிரெயினிங் ஆச்சு சேட்டு, சர்ட்டிபிகேட்டும் ஆச்சு. மரம் எங்கே? ஆர்டர் எங்கே?” மார்லி பிரபுவுக்குத் தர வேண்டிய பதிலை அவர் நாலே வார்த்தையில் தந்துவிட்டார்!

கைகொடுத்த காகிதம்

2005-06-இல் சன்னபட்டணப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘வெறும் காகிதம்தானே, அதை வைத்து என்ன செய்ய?’ என்று அன்று பலர் கேட்டார்கள். பதில் வர 15 ஆண்டு ஆயிற்று.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தியது (2023-இல் 70 ஆயிற்று). கூடவே, இந்தியத் தர நிர்ணய முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்ற ஆணையும் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. சீனத்துச் சரக்கைத் தடுக்க வந்த ஆணைதான். ஆனால் சோதனைக்கூடம் வைக்கவும் கட்டணம் கட்டவும் ஒற்றை லேத்துக்காரரால் முடியுமா? வலை பெரிய மீனுக்குப் போட்டது, சிக்குவது சிறு மீன் என்றாகியிருக்கும். நல்ல வேளையாக 2020 டிசம்பரில் ஆணையைத் திருத்தி, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீட்டுப் பொருள்களை அதற்குரிய பயனாளர்கள் செய்து விற்பதற்கும் விலக்கு அளித்தார்கள். காகிதம் கைகொடுத்தது. பதிவு அட்டையைப் பெட்டியில் போட்டு மறந்தவர்களும் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. பயிற்சி தராத பாதுகாப்பை இங்கே சட்டம் தந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இனி ஆக வேண்டியது

2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பொம்மை செய்வதும் ஒன்று. பயிற்சி நாளுக்கு ரூ. 500 உதவித்தொகை, கருவிக்கு ரூ. 15,000, 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். கந்துவட்டிக்காரனிடம் கை நீட்டிய தொழிலாளிக்கு இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே பதிவு என்பது விதி. சன்னபட்டணத்து வீடுகளில் கணவன் கடைவான், மனைவி கண் மூக்கு எழுதிக் கோப்பாள். இருவர் கை சேர்ந்தால்தான் ஒரு பொம்மை. இதில் யார் கைவினைஞர், யார் இல்லை?

அடுத்தது மரம். வெட்பாலை பெரும்பாலும் காட்டு மரம். வெட்டவும் ஏற்றி வரவும் அனுமதி வேண்டும். கிடைக்காதபோது ரப்பர் மரத்தைக் கடைகிறார்கள். ஆயிரம் பேருக்குப் பயிற்சி தருவதற்கு முன், அவர்கள் பத்தாண்டு கழித்துக் கடையப் போகும் மரத்தை ஊர்ப் புறம்போக்கிலும் வயல் வரப்பிலும் நட வேண்டாமா? சந்தனத்துக்குக் காடும் ஆலையும் கடையும் சேர்த்துச் சிந்தித்த மண் இது. பொம்மைக்கும் அப்படிச் சிந்திக்க முடியும்.

மூன்றாவது, பணம். எந்த வியாபாரியும் அறிந்த சங்கதி: சரக்கு கொடுத்த சிறு தொழிலாளிக்குப் பணம் தாமதமானால், அடுத்த முறை அவன் சரக்கு அடுத்தவனுக்குத்தான் போகும், அதுவும் பாதி விலைக்கு. ஆகவே அரசு விற்பனை நிலையங்களாயினும் தனியாராயினும், பொம்மை கை மாறும்போதே காசும் கை மாற வேண்டும். நூறு பயிலரங்குகளைவிட இது பெரிய ஆதரவு.

நம் சங்கத்துத் தமிழன்பர்கள் பிழைப்புக்காக இந்த மாநிலத்துக்கு வந்தவர்கள். இம்மண் நமக்குச் சோறு போட்டது. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் நம் வீடுகளில் ஒரு படி சன்னபட்டணத்துக்கு ஒதுக்கலாம். வாங்கும்போது புவிசார் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். தன் சொப்புக்கு வாங்குவோர் உண்டு என்று தெரிந்தால்தான் பட்டறைக்காரர் மகனும் மகளும் உளியைக் கையில் எடுப்பார்கள். அதன் பிறகு, பயிற்சி நிலையத்தில் இடம் போதவில்லை என்ற புகார் வரட்டும். அப்படியொரு புகாரைக் கேட்க எனக்கு ஆசைதான்.