தடிக்கும் தபலாவுக்கும் ஒரே காது

1987-ல் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கோயமுத்தூரில் எங்களுக்கு மரக்கடை. மரம் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டு வா என்று அப்பா என்னைக் கோழிக்கோட்டுக் கல்லாயிக்கு அனுப்பியிருந்தார். நான் சேர்ந்த மில்லில் தடி பார்ப்பது ஒரு பெரியவரின் வேலை. பக்கத்துக் குற்றிச்சிறாக்காரர். எல்லோரையும்போல நானும் அவரை இக்கா என்றே கூப்பிட்டேன். தேக்குத் தடியின் ஒரு முனையில் என்னைச் சின்னச் சுத்தியலால் தட்டச் சொல்லிவிட்டு, மறுமுனையில் குனிந்து காதை வைப்பார். உள்ளே பொக்கு இருந்தால் சத்தம் மழுங்கிப்போகும். "இது பாடாது மோனே" என்று சுண்ணாம்பால் ஒரு குறுக்குக்கோடு இழுத்துவிட்டு அடுத்த தடிக்குப் போவார்.

இறுதி ஆட்டத்தில் சோவியத் அணி பல்கேரியாவை வென்றது. கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தின் காலரியில் இக்காவுக்கும் எனக்கும் நடுவே காற்று நுழைய இடமில்லை. சுமை தூக்குகிறவர்கள், மீன்காரர்கள், ஹல்வாக் கடைப் பையன்கள் எல்லோரும் ருஷ்ய ஆட்டக்காரர்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். இக்கா மிட்டாய்த்தெருவைத் தாண்டி ஹல்வா பஜார் சந்துக்குள் நுழைந்தார். ஒரு கிடங்கின் பின்னால் மரப்படி. ஏறினால் பாய் விரித்த மாடி அறை. அங்கே அதை மாளிக என்பார்கள். சுலைமானி டீ வந்தது. ஒருவர் ஹார்மோனியத்தைத் திறந்தார். இக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தபலாவின் முன் உட்கார்ந்து, சுத்தியலால் பக்கவாட்டுக் கட்டைகளை மேலும் கீழும் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டார். காலையில் தடியில் வைத்த அதே காது. அவருக்குத் தபலா தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நள்ளிரவு தாண்டியும் கஜலும் கவாலியும் பழைய மலையாளச் சினிமாப் பாட்டும் மாறிமாறி வந்தன. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் பேச்சு மறுபடி கோலுக்குத் திரும்பியது.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவனுக்குப் பாலக்காடு வரை மிருதங்கம்தான். இன்னும் மூன்று மணி நேரம் மேற்கே போனால் தபலா. இது எப்படி வந்தது என்று அன்று மனதில் விழுந்த கேள்வி இத்தனை வருஷமாகியும் என்னை விடவில்லை.

துறைமுகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அரபு மாலுமிகள் வந்துபோன கரை இது. குற்றிச்சிறாவின் மிஷ்கால் பள்ளிவாசலைக் கட்டியவரே கப்பல்கள் வைத்திருந்த ஒரு வெளிநாட்டு வியாபாரி. 1510-ல் போர்ச்சுக்கீசியர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதே கோழிக்கோட்டில் 1607-ல் காஜி முகமது எழுதிய முகியித்தீன் மாலைதான் மாப்பிளைப் பாட்டில் காலம் தெரிந்த மிகப் பழைய படைப்பு. எழுத்து அரபு. ஆனால் சொல்லைக் காதால் கேட்டால் தமிழனுக்குப் பாதிக்கு மேல் புரியும். அந்தப் பாட்டுகளின் இலக்கணத்தில் கம்பி, கழுத்து என்றெல்லாம் தொடைகளுக்குப் பெயர். இக்கா அதைச் சொன்னபோது சொந்தக்காரரை வழியில் கண்டதுபோல எனக்குச் சந்தோஷம்.

பிறகு குஜராத்தி சேட்டுகள் வந்தார்கள். வடக்கத்திப் பாடகர்களும் வந்தார்கள். அப்படி வங்காளத்திலிருந்து வந்த ஜான் முகமது கான் இங்கே ஒரு மலையாளிப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய மகன்தான் எம்.எஸ். பாபுராஜ். அநாதையாகி, ரயிலிலும் தெருவிலும் பாடிப் பிழைத்த அந்தப் பையனைப் பாட்டில் பைத்தியமாக இருந்த ஒரு போலீஸ்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். கல்யாண வீட்டு இரவுகளிலும் மாளிக அறைகளிலும் பாடிப்பாடியே அவர் இசையமைப்பாளரானார். 1957-ல் 'மின்னாமினுங்கு' முதல் படம். 1964-ல் வந்த 'பார்கவி நிலையம்' படத்தில் யேசுதாஸ் பாடிய பீம்பளாசி ராகப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய நம் ஆபேரிதான், ஆனால் ஆபேரியின் நடை அதில் இல்லை. அது கோழிக்கோட்டு மாடி அறையின் நடை. 1978-ல் பாபுராஜ் சென்னையில் கையில் காசில்லாமல் இறந்தார். அவர் பாட்டுகள் பதிவான ஸ்டுடியோக்கள் இருந்த அதே ஊரில். இதை எழுதும்போதும் மனசு தாங்கவில்லை.

கால்பந்தும் அந்த மண்ணில் முளைத்ததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மலபார் சிறப்புப் போலீசும் ஆடியதைப் பார்த்துப் பார்த்து, அறுத்த வயலில் இறங்கி ஆடிக் கற்றுக்கொண்டார்கள். பாட்டுக்கு வீட்டைத் திறந்துவிட்ட குஜராத்தி வியாபாரிகளே இதற்கும் பணம் போட்டார்கள். சேட் நாக்ஜி அமர்சியின் நினைவாக 1952-ல் தொடங்கியது நாக்ஜி கோப்பை. கல்கத்தாவிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் அணிகள் வரும். ஸ்டேடியம் 1977-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் குளத்தை ஒட்டிய மானாஞ்சிறா மைதானத்தில் தற்காலிகக் காலரி கட்டி ஆட்டம் நடக்கும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்த ரஹ்மான் இந்த ஊர்க்காரர். ஊர் அவரை ஒலிம்பியன் ரஹ்மான் என்றுதான் சொல்லும். பட்டம் இல்லாமல் வெறும் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாக்ஜி 1995-க்குப் பிறகு நின்றுபோனது. 2016-ல் வெளிநாட்டு அணிகளை அழைத்து நடத்தினார்கள், உக்ரைனின் நிப்ரோ வென்றது, ரொனால்டினோ வந்து கையசைத்துவிட்டுப் போனார். எனக்கு அது நாக்ஜியாகப் படவில்லை. கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு நேராக வந்து உட்காரும் ஆட்களுக்கு வருஷாவருஷம் வரும் திருவிழாவாக இருந்ததுதான் அதன் உயிர். அந்த உயிர் இன்று செவன்ஸில் இருக்கிறது. பக்கத்துக்கு ஏழு பேர், குட்டி மைதானம், இரவு விளக்கு. சம்பளத்துக்கு ஆட வரும் ஆப்பிரிக்கர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவர்களுக்கு அங்கே சுடானி என்றுதான் பெயர். கோகுலம் கேரளா 2021-லும் 2022-லும் அடுத்தடுத்து ஐ-லீக் வென்றதை நான் கோயமுத்தூரில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன்.

2022 உலகக் கோப்பைக்கு முன்னால் கோழிக்கோடு மாவட்டத்தில் புல்லாவூர் ஆற்றின் நடுத்திட்டில் அர்ஜென்டினா ரசிகர்கள் மெஸ்ஸிக்கு 30 அடியில் கட்அவுட் நிறுத்தினார்கள். பிரேசில்காரர்கள் நெய்மருக்கு 40 அடியில் வைத்தார்கள். ரொனால்டோவும் வந்து சேர்ந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்தான். அந்தச் சிற்றாறு போய்ச் சேர்வது சாலியாற்றில். ஒரு காலத்தில் நிலம்பூர்க் காட்டுத் தேக்கைத் தெப்பமாகக் கட்டிச் சாலியாற்றில்தான் மிதக்கவிட்டுக் கல்லாயிக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் கலாசித் தொழிலாளர்கள் கயிறும் கப்பியும் போட்டு, பாட்டுப் பாடி இழுப்பார்கள்.

இக்கா போய்ப் பல வருஷமாகிறது. அவர் மகனுக்குப் போன் செய்து, படத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். பின்னால் தபலாச் சத்தம் கேட்டது. யார் வாசிப்பது என்றேன். "எங்க வீட்டுச் சின்னவன்" என்றான். "அர்ஜென்டினாச் சட்டை போட்டுட்டுத்தான் உட்காருவேன்னு அடம்."