பற்பசை விற்க வந்த பாட்டு: இலங்கை வானொலி வர்த்தக சேவையின் கதை

கம்பஸ் லீவுக்கு வீட்டை போயிருந்த நேரம். விறாந்தையில இருந்து போனில பழைய பாட்டொன்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில ஒரு பற்பசை விளம்பரம் வந்து விழுந்தது. "சீ, இதுக்குள்ளயும் விளம்பரம்" எண்டு நான் சலிச்சுக்கொள்ள, பக்கத்தில கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்த அம்மம்மா சிரிச்சா.

"எங்களுக்கு விளம்பரத்தோடதான் மேனை பாட்டே வந்தது. அதுவும் பல்லு விளக்கிற சாமான்தான்."

சொல்லிப்போட்டு கோபால் பற்பொடி விளம்பரத்தை ஒரே மூச்சில சொல்லிக் காட்டினா. நேற்று மத்தியானம் என்ன கறி எண்டு கேட்டால் அவவுக்கு ஞாபகம் வராது. ஐம்பது வருசத்துக்கு முந்தின விளம்பரம் மட்டும் அப்படியே இருக்கு.

சந்தைப்படுத்தல் எண்டால் முகாமைத்துவ பீடத்துப் பெடியளின்ர பாடம் எண்டுதான் கலைப்பீடத்தில இருக்கிற நாங்கள் நினைக்கிறது. ஆனால் தொழில்நுட்பம், படைப்பாற்றல், விளம்பரம் மூன்றும் சேர்ந்து ஒரு சமூகத்தை எப்படி மாற்றும் என்று படிக்க வேண்டுமென்றால், எங்கள் வீடுகளில் ஒலித்த இலங்கை வானொலியை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

போருக்கு வந்த இயந்திரம்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் அதற்கு முன்னின்றார். ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் இதுவும் ஒன்று. ஆனால் கடல் கடந்து ஒலிக்கும் பலம் அதற்கு வந்தது இரண்டாம் உலகப் போரால். மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளையகம், தன் படையினருக்காக இங்கே 'ரேடியோ சீக்' என்ற நிலையத்தை நடத்தியது. அதற்காக ஏக்கலையில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்த பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்தது.

சிற்றலைக்கு ஒரு குணம் இருக்கு. அது வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் பட்டுத் தெறித்து, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்து இறங்கும். கொழும்பில் பேசினால் சென்னையிலும் கேட்கும், பம்பாயிலும் கேட்கும். இந்த இயந்திரத்தை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வந்த பதில்தான் வர்த்தக சேவை. அது 1950 செப்டெம்பர் 30இல் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த கிளிஃபோர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியர் அதை வளர்த்தெடுத்தார்.

பக்கத்து வீட்டில் சாத்தின கதவு

அந்த நேரத்தில் அகில இந்திய வானொலியில் விளம்பரமே கிடையாது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டும் பிடிக்காது. மக்களின் ரசனையைச் செவ்வியல் இசையால் உயர்த்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சினிமாப் பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டது. பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்றார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு, தங்கள் பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கேட்க ஆசைப்படும் கோடிக்கணக்கான மக்கள் ஒரு பக்கம். விளம்பரம் செய்ய இடமில்லாத கம்பனிகள் இன்னொரு பக்கம். நடுவில் கடலுக்கு இந்தப் பக்கம் சும்மா கிடந்த ஒரு பெரிய ஒலிபரப்பி. வியாபாரம் தானாக வந்தது.

1952 டிசம்பர் 3இல் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பினாக்கா என்பது அப்போது சீபா கம்பனியின் பற்பசை. அமீன் சயானி என்ற பத்தொன்பது வயது இளைஞர் பம்பாயில் இருந்து ஹிந்தியில் பேசிப் பதிவு செய்வார். அந்த நாடா கொழும்புக்கு வரும். இங்கிருந்து ஒலிபரப்பாகி, புறப்பட்ட இந்தியாவுக்கே திரும்பிப் போகும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக சயானி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் தெரிவையும் வைத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். இண்டைக்கு யூடியூபில் 'ட்ரெண்டிங்' பார்க்கிறமே, அதே வேலை. வியூஸ் எண்ணுவதற்குப் பதிலாகக் கடிதக் கட்டுகளை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

எங்கட பக்கம்

தமிழ் வர்த்தக சேவையின் முதல் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம். அதுவரை வானொலி என்றால் அரச அறிவித்தல் மாதிரி விறைப்பாகப் பேசுவது. மயில்வாகனம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிக் கதைத்தார். அவருக்குப் பிறகு, மூச்சு விடாமல் பேசிச் சினிமாத் தியேட்டர்களுக்குக் கூட்டம் சேர்த்த கே.எஸ். ராஜா. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கண்டுபிடித்து வளர்த்த பி.எச். அப்துல் ஹமீத். 'பொங்கும் பூம்புனல்' என்ற காலை நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னாலே தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முகம் மலரும்.

'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து' போன்ற நிகழ்ச்சிகளில் ஆட்களின் பெயரும் ஊரும் வாசிப்பார்கள். ஒரு தபாலட்டையில் தன் பெயரை எழுதிப் போட்டவர், அது கடல் கடந்து கேட்குமெண்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். கம்பனிக்கோ அந்த அட்டைகள், தன்னுடைய விளம்பரம் எந்த ஊர்வரைக்கும் போகுது என்பதற்கான சாட்சி. நேயருக்கு சந்தோசம், கம்பனிக்குத் தகவல். இந்தக் கொடுக்கல் வாங்கல் பேஸ்புக்கோடு தொடங்கினது இல்லை.

அறுபதுகளில் ட்ரான்சிஸ்டர் பரவினது இன்னொரு திருப்பம். வால்வு ரேடியோ பெரிசு, விலையும் கூட, மின்சாரமும் வேணும். அதனால் தேத்தண்ணிக் கடையிலோ வசதியான ஒரு வீட்டு முற்றத்திலோ கூடி இருந்து கேட்டார்கள். பற்றரியில் ஓடும் ட்ரான்சிஸ்டர் தோட்டத்துக்கும் வயலுக்கும் கூடவே போனது.

யாருக்காகப் பாடியது?

பழசெல்லாம் பொன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. விளம்பரதாரருக்குத் தேவை பெரிய கூட்டம். பெரிய கூட்டம் இருந்தது தமிழ்நாட்டில். அதனால் வர்த்தக சேவையில் பெரும்பாலும் ஒலித்தது தென்னிந்திய சினிமாப் பாட்டு. எங்கள் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ஈழத்து மெல்லிசைப் பாடல்களும் இதே வானொலியில்தான் வந்தன, ஆனால் அந்தப் பெரு வெள்ளத்தில் அவை சின்ன வாய்க்கால். எது விற்குமோ அதுவே கேட்கும் என்ற விதி அப்போதே இருந்தது.

இன்றைக்கும் அதுதான் நடக்குது. யாழ்ப்பாணத்தில் இருந்து வீடியோ போடும் எத்தனை பேர், தமிழ்நாட்டு வியூஸுக்காக 'எண்டு' என்பதை விட்டு 'ன்னு' என்று கதைக்கிறார்கள் எண்டு கவனிச்சிருக்கிறீங்களா? ஆனால் மயில்வாகனமோ ராஜாவோ சென்னைக்காகச் சென்னைத் தமிழ் பேசவில்லை. அவர்கள் பேசியது யாழ்ப்பாணப் பேச்சுமில்லை, திருத்தமான ஒரு பொதுத்தமிழ். தமிழ்நாட்டு நேயர்கள் இலங்கை வானொலியை விரும்பினதற்கு அந்த உச்சரிப்பே ஒரு பெரிய காரணம். பாட்டு அங்கே இருந்து வந்தது, குரல் இங்கே இருந்து போனது. சந்தைக்குப் போகும்போது எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதை அவர்களிடம் படிக்கலாம்.

இந்தியா கதவைத் திறந்தது. 1957இல் 'விவித் பாரதி' வந்தது, 1967இல் அதில் விளம்பரமும் வந்தது. கொழும்புக்கு இருந்த தனி இடம் மெல்லமெல்லக் கரைந்தது. இங்கேயும் 1979இல் தொலைக்காட்சி வந்துவிட்டது. புதுமை என்பது ஒருவருடைய மூளை மட்டுமில்லை, பக்கத்தில் யார் கதவைச் சாத்தினார்கள் என்பதும்தான்.

சைக்கிள் டைனமோ

இந்தக் கதையில் அம்மாவின் பங்கு வேறு மாதிரி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மாமா பெடலைக் கையால சுத்த, டைனமோவில் ரேடியோ பாடும். மாமாவின் கை சோர்ந்தால் சத்தமும் சோரும். எல்லாரும் காதைக் கிட்டக் கொண்டுபோவார்கள். எந்தக் கம்பனியும் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காசு போடவில்லை. தேவைதான் போட்டது. புதுமையை வரலாறாக எழுதும்போது ஒலிபரப்பி வைத்திருந்தவரை மட்டும் எழுதினால் பத்தாது, பெடல் சுத்தினவரையும் எழுத வேணும்.

அண்டைக்கு அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்: இப்ப வாற விளம்பரம் எல்லாருக்கும் ஒண்டில்லை, நான் என்ன தேடினேன், எதை எவ்வளவு நேரம் பார்த்தேன் எண்டு பார்த்து எனக்கெண்டு தனியா வாறது, உங்களுக்கு வேற வரும் எண்டு.

அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்ப பக்கத்து வீட்டுக்காரிக்கு இது தெரியாதோ? பிறகு ஆரோட சேர்ந்து சிரிக்கிறது?"

அண்டைக்கு விளம்பரமும் விற்கத்தான் வந்தது. ஆனால் முழுத் தெருவுக்கும் ஒரே விளம்பரம் வந்ததால், தெருவே சேர்ந்து அதைப் பழிக்கவும் திருப்பிச் சொல்லி விளையாடவும் முடிந்தது. இண்டைக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வருகிறது. யாருக்கு என்ன சொல்லப்படுது எண்டு மற்றவருக்குத் தெரியாது. பற்பசை விளம்பரத்தில் அது பெரிய பிரச்சினை இல்லை. தேர்தல் விளம்பரத்தில் அது பெரிய பிரச்சினை. அதைப் பற்றி எங்கள் வயதுக்காரர் கதைக்கத் தொடங்க வேணும் என்பதுதான் என்னுடைய எண்ணம்.

அதுக்கு முதல் ஒரு சின்ன வேலை. உங்கட வீட்டிலயும் ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பினம். அவையிட்ட ரேடியோவைப் பற்றிக் கேளுங்கோ. சொல்லுறதைப் போனில பதிஞ்சு வையுங்கோ.