முத்தையாபுரத்து உப்புக்கு எத்தனை முத்திரை

பொங்கல் கழிந்ததும் தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரம் உப்பளங்களில் மராமத்து தொடங்கும். வடகிழக்குப் பருவமழை கரைத்துவிட்டுப் போன வரப்புகளை எடுத்துக் கட்டி, பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வரும். பிற்பாடு சோதனைச்சாலைச் சீட்டில் 'கரையாத பொருள்' என்ற கட்டத்தில் ஏறுவது பெரும்பாலும் இந்தச் சேறுதான். சாப்பாட்டு உப்பில் அது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது விதி. தரச்சான்றின் முதல் வரியை எழுதுவது, பார்க்கப்போனால், மிதிக்கிற கால்கள்.

அடுத்தது தண்ணீர். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் ஏறக்குறைய 3 டிகிரி. போர் போட்டு இறைக்கும் உப்புநீர் அதைவிடக் கெட்டி. அதைப் பாத்தி மாற்றிப் பாத்தியாக ஓட்டி வெயிலில் காய்ச்சுகிறார்கள். "என்ன அண்ணாச்சி, டிகிரி ஏறிருச்சா?" என்பதுதான் கோடையில் உப்பளத்தின் கேள்வி. 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். அதை முந்தின பாத்தியிலேயே விட்டுவிட வேண்டும். 25-இல் உப்பு பூக்கும். 29-ஐத் தாண்டிய நீரை வடித்துவிட வேண்டும். எடை கூடட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மெக்னீசியம் சேர்ந்து படியும். அந்த உப்பு கசக்கும், மூட்டைக்குள்ளேயே நீர்விட்டு ஒழுகும். உலர்ந்த நிலையில் 96 சதவீதத்துக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு, ஈரம் 6 சதவீதத்துக்குள் என்று சட்டம் கேட்பதெல்லாம் இந்த வடிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு ஆலையில் கழுவலாம், அரைக்கலாம். தப்பாக விளைந்த உப்பை முழுசாகத் திருத்த முடியாது.

வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பார்கள். அதுவரை எல்லாம் ஒரே வெள்ளை. அங்கிருந்துதான் வழி பிரிகிறது. ஒரு பங்கு ரசாயன ஆலைகளுக்குப் போகும்: பக்கத்திலேயே சோடா ஆஷ் செய்யும் தூத்துக்குடி ஆல்கலி, சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா செய்யும் டிசிடபிள்யூ போன்றவற்றுக்கு உப்புதான் மூலப்பொருள். அங்கே அயோடினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதே பேச்சு. கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் போகிற உப்பு இன்னொரு வழி.

அடுப்படிக்கு வருகிற உப்பு மட்டும் அயோடின் ஆலைக்குள் நுழைகிறது. நகரும் பெல்ட்டில் போகும் உப்பின்மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசல் தூவப்படும். 30 பிபிஎம் அயோடின் வைக்க, ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் அயோடேட் போதும். அயோடைடைவிட அயோடேட் நம் புழுக்கத்தைத் தாங்கி நிற்கும் என்பதால் இந்தத் தேர்வு. கடைக்கு வந்து சேரும்போது அயோடின் 15 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது.

இந்த விதியின் பூர்வீகம் இமயமலை அடிவாரம். 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1998-இல் வந்து, 2000-இல் போய், 2006 மே மாதம் திரும்பவும் வந்தது. இத்தனைக்கும் பிறகு 2018-19 அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலங்களில் குஜராத்துக்கு அடுத்து நிற்கிற நாம், இந்தக் கணக்கில் கடைசி! கல் உப்புப் பழக்கம் இதற்கு ஒரு காரணம். சாக்கில் அளந்து விற்கும் கல் உப்பில் அயோடின் ஒரு சீராக ஒட்டியிருக்கும் என்று நம்ப முடியாது.

இப்போது நகரத்துக் கடைகளில் 'ஆர்கானிக் கடல் உப்பு' என்று கண்ணாடி ஜாடி வருகிறது. இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். 2017-இன் அங்கக உணவு விதிகளின்படி உணவுப் பொருளில் அந்தச் சொல்லைப் போட, 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்றோ, விவசாயிகள் குழுவாகத் தரும் பிஜிஎஸ் சான்றோ வேண்டும். இரண்டும் முக்கியமாகப் பயிருக்கும் கால்நடைக்கும் அவற்றிலிருந்து செய்யும் பண்டங்களுக்கும் ஏற்பட்டவை. உப்பு அதில் அடங்காது. எந்தச் சான்றை வைத்து அந்த ஜாடியில் அச்சடித்தார்கள்?

உணவுத் தரச் சட்டம் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும். அங்ககச் சான்று அது எப்படி வந்தது என்று விசாரிக்கும்: நிலத்தின் முந்தைய வரலாறு, பக்கத்து வயலில் என்ன தெளிக்கிறார்கள், மாறுதலுக்கான இரண்டு மூன்று ஆண்டுகள். முத்தையாபுரத்துக்கு அந்த ஆய்வாளர் வந்தால் அக்கம்பக்கம் என்ற கட்டத்தில் 1975 முதல் யூரியா செய்யும் ஸ்பிக் ஆலையை எழுத வேண்டியிருக்கும். அதனால் உப்பு கெட்டது என்று சொல்ல வரவில்லை. பாத்தியில் நிற்பவருக்குக் காலில் பூட்ஸ் உண்டா, வெள்ளை வெயிலுக்குக் கண்ணாடி உண்டா, குடிதண்ணீரும் நிழலும் எத்தனை தூரம், மழை மாதங்களில் அடுப்பு எரிகிறதா என்ற கேள்விகளுக்குத்தான் அந்த ஆய்வாளரின் படிவத்தில் இடமில்லாமல் போகிறது. இவற்றையெல்லாம் உப்பளத்துக்கே போய்க் கேட்டவர் ராஜம் கிருஷ்ணன். 1970களின் இறுதியில் வந்த அவருடைய 'கரிப்பு மணிகள்' நாவல் அந்த விசாரணையின் பதிவு.

ஐரோப்பிய ஒன்றியம் தன் 2018 அங்ககச் சட்டத்தின் பட்டியலில் கடல் உப்பையும் மற்ற உணவு உப்புகளையும் சேர்த்தது. கையால் வாரும் உப்பையும் சுரங்க உப்பையும் ஒரே தட்டில் வைப்பதா என்று அங்கே சண்டை. நம் ஊரில் சண்டைக்கே வழியில்லை. ஆனால் முத்தையாபுரத்து உப்பில் போட்ட அங்கக மாங்காய் ஊறுகாய், தேசிய அங்ககத் திட்டத்தின் 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையோடு கப்பல் ஏறலாம். சேர்மானத்தில் 95 சதவீதம் அங்ககமா என்று பார்க்கும்போது, தண்ணீரையும் உப்பையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள்.