தலைக்கு மேலே சாலமோன்



இத்தாலியின் வடகிழக்கே உள்ள உதினே நகரின் பேராயர் இல்லம் ஒரு காலத்தில் அக்குயிலேயாவின் முதுபெரும் தந்தையர் வாழ்ந்த மாளிகை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பொறுப்பில் இருந்த தியோனீசியோ தொல்ஃபின் அதை விரிவாக்கி, நூலகம் ஒன்றை அமைத்து, அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார். 1726இல், முப்பதே வயதான வெனிஸ் ஓவியர் தியேப்பொலோவை வரவழைத்து, மாளிகையில் விவிலியக் காட்சிகளைத் தீட்டச் செய்தார்.

ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்டி முடிக்க வேண்டும். காய்ந்தபின் ஓவியமும் சுவரும் ஒன்றாகிவிடும். இப்படித்தான் நீண்ட கூடத்தில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் வரலாறு உருவானது. அங்கே வானதூதர்முன் மண்டியிடும் சாராவை ஓவியர் அழகுபடுத்தவில்லை. பல் விழுந்து, முகம் சுருங்கிய மூதாட்டியாகவே காட்டினார். கடவுளின் வாக்குறுதி வந்தது அவரிடம்தான்.

சிவப்பு அறை எனப்படும் அறையின் மேற்கூரையில் சாலமோனின் தீர்ப்பு தீட்டப்பட்டுள்ளது. நான்கு மூலைகளிலும் எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் ஆகிய இறைவாக்கினர்கள். இந்த அறையில்தான் திருஅவையின் நீதிமன்றம் கூடியது. அரசர்கள் முதல் நூல் கூறும் அந்த வழக்கு நமக்குத் தெரியும்: இரண்டு பெண்கள், உயிரோடு இருப்பது ஒரே குழந்தை, சாட்சி யாருமில்லை. தன் உரிமை போனாலும் பிள்ளை பிழைத்தால் போதும் என்றவளே தாய் என்று சாலமோன் கண்டுகொண்டார். வழக்கோடு வந்தவர் மட்டுமல்ல, தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவரும் அந்த ஓவியத்தின் கீழேதான் இருந்தார்.

அதே மாளிகையின் அரியணை அறைச் சுவர்களில், புனித எர்மகோரா தொடங்கி அக்குயிலேயாவின் ஆயர்கள், முதுபெரும் தந்தையரின் உருவப்படங்கள் வரிசையாக உள்ளன. அந்த வரிசை என்றும் தொடரும் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் அந்த மறைமாவட்டம் வெனிஸ், ஆஸ்திரியா என இரு ஆட்சிகளின் நிலத்தில் பரவியிருந்ததால் பூசல் ஓயவில்லை. 1751இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அதைக் கலைத்து, உதினே, கொரிசியா என இரு உயர்மறைமாவட்டங்களாகப் பிரித்தார். அந்த அறைகள் இன்று அருங்காட்சியகம்.

அன்பர்களே, பதவி முடிந்தது; தாயின் கேள்வி முடியவில்லை. வீட்டிலோ அன்பியத்திலோ பூசல் எழும்போது, "யார் பக்கம் நியாயம்?" என்றே கேட்கிறோம். பிள்ளை பிழைக்க எதை விட்டுக்கொடுப்பேன் என்றும் நம்மையே கேட்போம்.