பாதி மாத்திரை

2009 நவம்பரில் நியூ ஜெர்சியில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் காய் நறுக்கும் பலகையை எடுத்து வைத்து, கொழுப்பைக் குறைக்கும் லிபிடார் மாத்திரையை இரண்டாக வெட்டுவார். முப்பது ஆண்டு நர்ஸாக இருந்தவர். பாதி மாத்திரை பாதி மருந்துதான் என்று அவருக்கா தெரியாது? கேட்டபோது, "ஜனவரி வரைக்கும் ஓட்டணும்டி" என்றார்.

ஏன் ஜனவரி என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிக்கேர். 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு, இரண்டாவது அவர் மனைவி பெஸ்ஸுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் டாக்டர் கட்டணத்துக்கும் அதில் பணம் உண்டு. வீட்டில் விழுங்கும் மாத்திரைக்குக் கிடையாது. அன்று ஸ்டாட்டின் மருந்துகளே இல்லை. முதலாவதான லோவாஸ்டாட்டினுக்கு 1987-இல்தான் அனுமதி கிடைத்தது. அதன்பின் மாரடைப்பைத் தடுப்பது தினசரி வேலையாயிற்று, வீட்டுவேலையைப் போல. ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததால் யார் கண்ணிலும் படாது. காப்பீடு மட்டும் கட்டிலருகிலேயே நின்றது.

மருந்துச் செலவையும் சேர்க்க 1988-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கான பணத்தை முதியவர்களே தர வேண்டும், வசதியுள்ளவர்கள் கூடுதலாக. 1989 ஆகஸ்டில் சிகாகோவில் நாடாளுமன்ற உறுப்பினர் ரோஸ்டென்கோவ்ஸ்கியின் காரை முதியவர்கள் மறித்தார்கள். ஒரு மூதாட்டி காரின் முன்பக்கத்தில் ஏறிக்கொண்டார். அந்தத் துணிச்சலை ரசிக்கிறேன். ஆனால் வருமான வரி கட்டுமளவு வரும்படி இல்லாத விதவைக்கு அந்தக் கூடுதல் வரியே கிடையாது. அவள் அந்தத் தெருவில் இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டே சட்டம் ரத்தாயிற்று.

வேலை பார்த்த நிறுவனம் ஓய்வுக்குப் பின்னும் மருந்துச் செலவைத் தந்தால் பிழைத்தார்கள். மாமாவுக்கு அப்படி ஒன்று இருந்தது. அவரோடு அதுவும் போயிற்று. மெடிக்கேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் ஸ்டாட்டினுக்குப் பேர் வாங்கித்தந்த ஆய்வுகளைப் பாருங்கள். 1994-இன் ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 பேரில் பெண்கள் 827. அடுத்த ஆண்டு வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் 6,595 பேரும் ஆண்களே.

2003-இல் மறுபடி சட்டம். 2006 ஜனவரியில் மருந்துக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. விலை பேசும் உரிமையை அரசுக்குத் தராத சட்டம் அது. அந்த ஆண்டு முதல் 250 டாலர் உங்களுடையதாக இருந்தது. பிறகு மொத்தச் செலவு 2,250 டாலர் ஆகும்வரை கால் பங்கு கட்டினால் போதுமாக இருந்தது. அதைத் தாண்டினால் 5,100 டாலர் வரை முழுச் செலவும் உங்கள் தலையில் விழுந்தது, பிரீமியமும் நிற்கவில்லை. இந்த இடைவெளிக்கு 'டோனட் ஓட்டை' என்று பெயர். நம் மெதுவடைக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு ஜனவரியிலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து மருந்து வாங்கிய அத்தை, ஆண்டுக் கடைசியில் அந்த ஓட்டைக்குள் கிடந்தார்.

சில மருந்துகளுக்கு விலை பேச 2022-இல்தான் வழி பிறந்தது. 2025-இல் கைக்காசுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பு வந்தது. அத்தை அதைப் பார்க்க இல்லை. 2011 நவம்பர் கடைசி நாளில் லிபிடாருக்கு மலிவான ஜெனரிக் வந்தது. பொங்கலுக்குப் போன் செய்தபோது எடுத்ததுமே சொன்னார்: "இப்ப முழுசாப் போடுறேன்டி."