கிரிக்கெட்டில் ஏய்ப்பு: எது வித்தை, எது போங்கு

கிரிக்கெட்டில் ஏய்ப்பு என்பது எதிரணி ஆட்டக்காரரை நம்பவைத்துத் தப்பு செய்யத் தூண்டும் உத்திகளுக்குப் பொதுப்பெயர். பந்துவீச்சில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். களத்தடுப்பில் 2017 முதல் அபராதம். நான்-ஸ்டிரைக்கரை ரன் அவுட் செய்யும் விஷயத்திலோ 1947 இல் தொடங்கிய சண்டை முக்கால் நூற்றாண்டு ஓடியது.

பந்துவீச்சாளரின் வேலையே ஏமாற்றுவதுதான். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின், டென்னிஸ் பந்துத் தெருவாட்டத்தில் பழகிய சொடக்குப் பந்தைச் சர்வதேச மைதானங்களுக்குக் கொண்டுபோனார். மடக்கிய நடுவிரலால் பந்தைச் சுண்டிவிட, ஆஃப் ஸ்பின்னுக்குக் காத்திருந்தவரை விட்டு அது எதிர்ப்பக்கம் விலகும். உலகம் அதை கேரம் பால் என்கிறது. அதை ஏமாற்று வேலை என்று யாரும் வழக்காடியதில்லை.

களத்தடுப்பில் கதை வேறு. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பந்து விரலிடுக்கில் நழுவிப் பின்னால் ஓடியிருக்கும். தவறவிட்டவரோ வெறுங்கையைச் சுழற்றி எறிவதுபோல் பாவனை காட்டுவார். இரண்டாவது ரன்னுக்கு அடியெடுத்தவர் பதறிக் கிரீஸுக்குத் திரும்புவார். ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் ‘போங்கு, போங்கு’ என்று கூச்சல். அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் பேட்டிங் அணியின் ஆள் என்பதால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதில் மர்மமில்லை.

விதிகளை எழுதுவது லண்டனின் மெரில்போன் கிரிக்கெட் கிளப். அதன் 2017 விதித்தொகுப்பில் 41.5 ஆம் விதி இந்தப் பாவனையைத் தடைசெய்தது. பேட்டர் உண்மையிலேயே ஏமாந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை. வேண்டுமென்றே முயன்றாலே போதும். ஐந்து ரன் அபராதம், அந்தப் பந்து ஓவர் கணக்கில் சேராது, அதில் யாரும் அவுட் இல்லை, அடுத்த பந்தை எதிர்கொள்வது யார் என்பதும் பேட்டர்கள் விருப்பம். அந்த ஆண்டே ஆஸ்திரேலிய உள்நாட்டு ஒருநாள் போட்டியொன்றில் குயின்ஸ்லாந்தின் மார்னஸ் லபுஷேன் பாய்ந்து விழுந்து, பந்தில்லாத கையால் எறிவதுபோல் காட்டி, முதலாவதாக மாட்டினார்.

நடைமுறையில் விதி அம்பயரின் கண்ணை நம்பியிருக்கிறது. 2021 ஏப்ரல் 4 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் 193 ரன்னில் இருந்த பாகிஸ்தானின் ஃபகர் ஜமான், தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் குவின்டன் டி காக் எதிர்முனையைக் கைகாட்டியதும் வேகம் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். மார்க்ரமின் எறி அவர் ஓடிக்கொண்டிருந்த முனை ஸ்டம்பையே தாக்கியது. அபராதம் இல்லை. 2022 நவம்பர் 2 அன்று அடிலெய்டில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவின் விராட் கோலி, வராத பந்தை வாங்கி எறிவதுபோல் கையை வீசினார். அம்பயர்கள் கவனிக்கவில்லை. டக்வொர்த் லூயிஸ் கணக்கில் வங்கதேசம் தோற்றது சரியாக ஐந்து ரன்னில்!

அமெரிக்கக் கால்பந்தில் நிலைமை தலைகீழ். 2018 சூப்பர் பவுலில் பந்தை எறிய வேண்டிய ஃபிலடெல்ஃபியாவின் நிக் ஃபோல்ஸ், நைசாக ஒதுங்கிப்போய்த் தானே பந்தைப் பிடித்துப் புள்ளி சேர்த்தார். அதற்குச் சிலையே வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கேயும் மாற்று ஆட்டக்காரர் வெளியேறுவதுபோல் நடித்துக் களத்துக்குள் பதுங்கக் கூடாது.

மீண்டும் கிரிக்கெட்டுக்கு வந்தால், நான்-ஸ்டிரைக்கர் ரன் அவுட்டை ஏய்ப்பு என்பதே பொருந்தாது. பந்து வீசுமுன் கிளம்பி ஓசியில் தூரம் தேடிக்கொள்பவர் பேட்டர்தான். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்ட்டில் வினு மன்கட் பில் பிரவுனை இப்படி அவுட்டாக்கினார். அதே சுற்றுப்பயணத்தின் முந்தைய ஆட்டமொன்றில் எச்சரித்துப் பார்த்து, கேட்காததால் அவுட்டாக்கியும் இருந்தார். எதிரணித் தலைவர் பிராட்மேனே அவர்மீது குற்றமில்லை என்று எழுதினார். ஆனாலும் இந்த வகை அவுட்டுக்கு ‘மன்கடிங்’ என்ற பழிச்சொல் மன்கட் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் பெயரை இப்படிப் பயன்படுத்துவதை சுனில் கவாஸ்கர் பலமுறை கண்டித்திருக்கிறார்.

அஸ்வின் இந்தச் சர்ச்சைக்குள் வந்தது 2012 பிப்ரவரியில், பிரிஸ்பேனில். இலங்கையின் திரிமானேயை ரன் அவுட் செய்து முறையிட்டார். பொறுப்புத் தலைவர் சேவாக், சச்சினோடு பேசிவிட்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றார். 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் அஸ்வினே பஞ்சாபின் தலைவர். ராஜஸ்தானின் ஜோஸ் பட்லர் 69 ரன்னில் இருந்தார். ஓடிவந்த அஸ்வின் கிரீஸில் கால் ஊன்றி நின்றுவிட்டார். கவனிக்காத பட்லர் வெளியே நழுவ, பெய்ல்ஸ் விழுந்தது. 185 ரன் இலக்கைத் துரத்திய ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. முதலில் விதிப்படி சரி என்ற மெரில்போன் கிளப், படத்தை மறுபடி பார்த்தபின் அந்த நிறுத்தம் நீண்டுவிட்டது, ஆட்டத்தின் மாண்புக்குப் பொருந்தாது என்றது. விதியிலோ எவ்வளவு நிற்கலாம் என்பதற்கு அளவே கிடையாது.

2022 ஜூனில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடக்க ஆட்டத்திலும் இதே வகை ரன் அவுட் நடந்தது. நெல்லையின் பாபா அபராஜித், சேப்பாக்கம் அணியின் ஜெகதீசனை ரன் அவுட் செய்தார். ஜெகதீசன் வெளியேறும்போது காட்டிய ஆபாச சைகைதான் பெரிய செய்தியானது. பிறகு மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் லார்ட்ஸில் இந்தியாவின் தீப்தி சர்மா, இங்கிலாந்தின் சார்லி டீனை அதே வழியில் அனுப்பி ஆட்டத்தை முடித்தார்.

அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று அமலான திருத்தம், நான்-ஸ்டிரைக்கர் ரன் அவுட் விதியை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற 41 ஆம் பிரிவிலிருந்து எடுத்து ‘ரன் அவுட்’ என்ற 38 ஆம் பிரிவில் வைத்தது. 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஸாம்பா கையைச் சுற்றிவிட்ட பிறகு பெய்ல்ஸைத் தட்ட, அம்பயர் மறுத்தார். அதையொட்டி வந்த விளக்கத்தின்படி, பந்துவீச்சாளரின் கை வழக்கமான வீச்சில் உச்சியை எட்டும்வரைதான் நான்-ஸ்டிரைக்கரை அவுட்டாக்க முடியும். ஜெய்ப்பூரில் அஸ்வினின் கை அந்த உச்சிக்குப் போகவே இல்லை.