வீட்டுக் கணக்கு

1822 ஜூனில் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவுக்கு எத்தனை பள்ளிக்கூடங்கள், எந்த ஜாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். பதில்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983இல் ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ நூலில் இந்த ஆவணங்களை வெளியிட்டபின், ஆங்கிலேயருக்கு முன் நம்மிடம் கல்வி இருந்ததா என்ற வழக்கில் இரு தரப்புக்கும் இவையே சாட்சி.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண். சென்னை நகரத்தில் மட்டும் வீட்டிலேயே படித்தவர்கள் 26,000க்கு மேல். பள்ளியில் படித்தவர்களைப்போல் ஐந்து மடங்கு. மன்றோ இதை நம்பவில்லை. பிழை இருக்கலாம் என்றார். ஆனால் வீட்டுப் படிப்பையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவன் படிக்கிறான் என்று மதிப்பிட்டார்.

எண் மிகையாகவே இருக்கட்டும். பள்ளிக்கு வாசல் உண்டு. உள்ளே யார், வெளியே யார் என்று எண்ணிவிடலாம். வீட்டுக்குள் எழுத்து கைமாறுவது நிலம் கைமாறுவது போலத்தான். பட்டா மட்டும் கிடையாது. வீட்டில் படித்த பெண்கள் என்று அந்த அட்டவணை காட்டுவது சில நூறு பேரை. எழுத்துள்ள வீட்டிலும் பாதி வீடு இருட்டு. எழுத்தே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணைப் பள்ளி ஒன்றுதான் வழி. திண்ணையில் ஏற விடப்படாதவனுக்கு அதுவும் இல்லை.

1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரம் பிள்ளை பெற்றோரிடம் தொழில் கற்கலாம். வீடே பள்ளி என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்த வீடு? எழுத்துள்ள வீட்டில் அந்த மிச்ச நேரம் இன்னொரு பாடவேளை. மற்ற வீட்டில் ஏர், தறி, சலவைக்கல். இவற்றில் அறிவு இல்லை என்பதல்ல. எந்தப் பரீட்சையும் அந்த அறிவைக் கேட்பதில்லை. குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போயிற்று, வீடு போகவில்லை. வீட்டுப்பாடம் என்று நோட்டில் எழுதி அனுப்பும்போது, அதை வாசிக்க அந்த வீட்டில் ஓர் ஆள் இருப்பதாகப் பள்ளி இன்றும் வைத்துக்கொள்கிறது. அம்மாவின் கைநாட்டை அது பார்த்ததில்லை என்றில்லை.

இந்தப் பக்கங்களை வாசிக்கும் நம்மில் பலருக்குப் பள்ளிக்குப் போகுமுன்பே எழுத்து தெரியும். யாரோ மடியில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொண்டோம். அது இல்லாதவன் எழுத வந்தால் பயிற்சி போதாது என்கிறோம். அதில் நம் சம்பாத்தியம் எவ்வளவு, பாட்டன் சொத்து எவ்வளவு என்று ஒருமுறையாவது பிரித்துப் பார்க்கலாம். மன்றோவுக்குச் சரிவராத அந்தக் கணக்கு நமக்கும் சரிவராமல் போகலாம். ஆனாலும் அவர் கேட்டார்.